சர்க்கரை நோயும் குடலில் வாழும் நுண்ணுயிர்களும்

(ஷஃபான் மாதத்தில் நம் அறக்கட்டளை நடத்திய இலவச சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாமின் நிறைவில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களும் பயன்பெற இங்கே எழுத்து வடிவில் தருகிறோம்.)



புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

இமாம் ஹள்ரத் அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து ஓய்வில்லாமல் நம் மக்களைப் பரிசோதித்த டாக்டர்களே, செவிலியர்களே, பெரியோர்களே, சகோதரர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

நான் டாக்டர் இல்லை. மதரஸாவில் ஓதிவிட்டுக் கல்லூரியில் படித்தவன். நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களைப் படிப்பது என் வேலை. அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லித்தான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு பெரியவருக்காக உதவி கேட்டு அவர் மகன் வந்தார். பெரியவருக்கு வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். செருப்பு கடித்த புண், உணர்ச்சியில்லாத கால், கவனிக்கவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன், தொகையும் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து மீண்டும் ஒரு விண்ணப்பம். அன்றைக்குத்தான் நான் நேரில் போய்ப் பார்த்தேன். முதல் தடவையே போயிருக்க வேண்டும். போகவில்லை. அது என் தவறு.

"மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லையா?" என்று கேட்டேன். மகனை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்: "தம்பி, மாத்திரை போட்டா வயிறு நிக்க மாட்டேங்குது. காத்துப் பிரியுது, அவசரமா வெளிய வருது. சுபுஹுக்குப் பள்ளிக்குப் போனா ருக்கூவுக்குள்ள உளூ முறிஞ்சுருது. முதல் ஸஃப்புல நின்னவன் கடைசி ஸஃப்புக்கு வந்தேன். அப்புறம் வீட்டுலயே தொழுதேன். பள்ளிய விட மனசு கேக்கல, மாத்திரைய விட்டுட்டேன். இத யார்ட்டப் போயிச் சொல்றது?"

ஒன்றரை ஆண்டு மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார். டாக்டரிடம் சொல்லவில்லை, மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தொழுகையைக் காப்பாற்ற நினைத்தார், காலை இழந்தார். இப்போது அவரால் தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை, நாற்காலியில் தொழுகிறார்.

அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் சொன்ன வார்த்தை, "என்னைப் போல இன்னும் எத்தனை பேரோ, சொல்லுங்க" என்பது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் வயிற்றுத் தொல்லையோடு இருப்பவர்கள் நிறைய. வெட்கத்தால் வாய் திறக்காதவர்களும் நிறைய. எனவே இன்று வயிற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

குடலுக்குள் யார் இருக்கிறார்கள்?

பால் தயிராவது எப்படி என்று நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஒரு கரண்டி உறை மோரில் இருக்கும் பாக்டீரியாக்கள் ஒரு குண்டான் பாலையே மாற்றிவிடுகின்றன. அதுபோன்ற உயிர்கள் நம் குடலிலும் வாழ்கின்றன. 2016-ல் வெளியான கணக்கின்படி ஒரு சராசரி மனிதனின் உடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. நம் உடலின் சொந்த செல்களின் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட சமம். எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் 200 கிராம்தான் வரும். பெரும்பகுதி இருப்பது பெருங்குடலில்.

கிருமி என்றாலே கெட்டது என்று நினைக்கிறோம். இவை அப்படியல்ல. கீரை, பயறு, காய்கறி, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே இந்தப் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களைத் தருகின்றன. அதில் ஒன்றின் பெயர் பியூட்டிரேட். பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு முக்கிய உணவே அதுதான். அந்த உணவு கிடைத்தால் சுவர் உறுதியாக இருக்கும். உள்ளே இருக்க வேண்டியது உள்ளேயே இருக்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. இந்த அமிலங்கள் குடல் செல்களைத் தூண்டி, ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கின்றன. அந்த ஹார்மோன் இன்சுலின் சுரக்க உதவுகிறது, பசியையும் அடக்குகிறது. இன்று அதிக விலைக்கு விற்கும் சில சர்க்கரை நோய் ஊசிகள் இந்த ஹார்மோனைப் போலச் செயல்படும் மருந்துகள்தாம். ஊசியின் வலிமை பயறுக்கு வராது. ஆனால் வழி ஒன்றே.

சர்க்கரை நோய் அவற்றை என்ன செய்கிறது?

குடல் கெட்டால் சர்க்கரை ஏறுகிறதா, சர்க்கரை ஏறினால் குடல் கெடுகிறதா? இரண்டு பக்கமும் நடக்கிறது. சர்க்கரை நோய் குடலைக் கெடுக்கும் வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சுவர் தளர்வது. 2018-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. எலிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியபோது, குடல் சுவரின் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் தளர்ந்தன. பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிந்தன. குடல் தொற்றும் எளிதில் பரவியது. சர்க்கரையைக் குறைத்தபோது சுவர் தேறியது. மனிதர்களிடமும், மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி கூடக் கூட, ரத்தத்தில் பாக்டீரியாத் துணுக்குகளும் கூடியிருந்ததை அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். இப்படிக் கசிவதை உடல் எதிரியாகப் பார்க்கிறது. காய்ச்சல் வராது, வலிக்காது. உள்ளுக்குள் சிறு அழற்சி ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். அந்த அழற்சி இன்சுலினை வேலை செய்யவிடாது. சர்க்கரை இன்னும் ஏறும். இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

இரண்டாவது, நரம்பு. பல ஆண்டு கட்டுப்படாத சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுப்பது நமக்குத் தெரியும். குடலை அசைக்கும் நரம்புகளையும் அது கெடுக்கிறது. குடல் மந்தமாகிவிட்டால் உணவு தேங்குகிறது. பெருங்குடலில் இருக்க வேண்டிய அளவுக்குப் பாக்டீரியாக்கள் சிறுகுடலிலேயே பெருகிவிடுகின்றன. நான்கு கவளம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிப்போவது, உப்புசம், சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி, அதுவும் தூக்கத்தில் எழுப்பிவிடும் இரவுப் பேதி, இவையெல்லாம் இதனால் வரலாம். இதை 'வாயு' என்று சொல்லிக் கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

மூன்றாவது, நல்லவை குறைவது. 2012-ல் சீனாவில் 345 பேரிடமும், 2013-ல் ஸ்வீடனில் 70 வயதுடைய 145 பெண்களிடமும் செய்த ஆய்வுகளில் ஒரே விஷயம் தெரிந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் குடலில், சற்று முன் நான் சொன்ன பியூட்டிரேட்டைத் தரும் பாக்டீரியாக்கள் குறைவாக இருந்தன.

மாத்திரையின் பங்கு

இங்கேதான் நம் பெரியவரின் கதைக்குத் திரும்ப வேண்டும். 2015-ல் டென்மார்க், ஸ்வீடன், சீனா ஆகிய நாடுகளிலிருந்து எடுத்த 784 மாதிரிகளை மறுபடி அலசினார்கள். முந்தைய ஆய்வுகளில் கண்ட மாற்றங்களில் ஒரு பகுதி நோயால் வந்ததல்ல, மெட்ஃபார்மின் மாத்திரையால் வந்தது என்று தெரிந்தது. மாத்திரை சாப்பிடாத நோயாளிகளிடமும் பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. அது நோயின் வேலை. ஆனால் சில பாக்டீரியாக்கள் கூடியதும் குறைந்ததும் மாத்திரையின் வேலை. அந்த மாத்திரை தரும் வயிற்றுத் தொல்லைக்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

உடனே யாரும், "அப்படியானால் மாத்திரை கெடுதல்" என்று எழுந்துவிட வேண்டாம். 2017-ல் ஸ்பெயினில், புதிதாக நோய் கண்டவர்களுக்கு நான்கு மாதம் மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். மாத்திரையால் மாறிய அவர்களின் குடல் பாக்டீரியாக்களை எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தினார்கள். எலிகளின் உடல் சர்க்கரையை முன்பைவிட நன்றாகக் கையாண்டது! அந்த மாத்திரை நன்மை செய்யும் வழிகளில் ஒன்றே இந்தப் பாக்டீரியாக்கள் வழியாகத்தான் என்று இதிலிருந்து தெரிகிறது.

வயிற்றில் சத்தம் கேட்டதும் மாத்திரையை நிறுத்துவது சரியான வழியில்லை. டாக்டரிடம் சொன்னால் அவரிடம் பல வழிகள் இருக்கின்றன. அளவைக் குறைத்துத் தொடங்கி மெல்லக் கூட்டலாம். வெறும் வயிற்றில் போடாமல் உணவோடு போடலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைக்கு மாறலாம். பலருக்கு முதல் சில வாரங்களில் தொல்லை தானே அடங்கிவிடுகிறது. அடங்காவிட்டால் வேறு மருந்து இருக்கிறது. அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு வாயு கூடுதலாக இருக்கும். அவை மாவுச்சத்தை முழுவதும் செரிக்க விடுவதில்லை. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாக்களுக்கு உணவாகி வாயுவாகிறது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தாலும் கால் மரத்துப்போகும்.

உளூ பற்றிய கவலைக்கும் ஒரு வார்த்தை. நம் மார்க்கம் இயலாதவரைச் சிரமப்படுத்தவில்லை. அடக்க முடியாத வாயு, தொடர்ந்த பேதி, சிறுநீர்க் கசிவு உள்ளவர்களுக்கு ஃபிக்ஹு நூல்களில் தனிச் சட்டமே இருக்கிறது. ஹனஃபி மத்ஹபிலும் ஷாஃபிஈ மத்ஹபிலும் அதன் நிபந்தனைகள் வேறுபடும். எனவே அதை நான் மேடையில் விவரிக்கவில்லை. இமாம் ஹள்ரத் அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். தொழுகைக்குப் பிறகு தனியாகப் போய்க் கேளுங்கள். பெண்கள் தங்கள் கணவர் மூலமோ, பிள்ளைகள் மூலமோ கேட்டு அனுப்பலாம். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். அந்தப் பெரியவர் ஒரே ஒரு நாள் ஹள்ரத்திடம் கேட்டிருந்தால், ஒரே ஒரு நாள் டாக்டரிடம் சொல்லியிருந்தால், இன்று தம் காலில் நின்று தொழுதிருப்பார்.

நாம் செய்யக்கூடியது

பாக்டீரியாக்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய உணவு நார்ச்சத்து. நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் மூன்று வேளையும் வெள்ளை அரிசி, மைதா பரோட்டா, இடியாப்பம் என்று போனால் அதில் பாதிகூடத் தேறாது. ஷாங்காயில் 43 சர்க்கரை நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே மருந்து. ஒரு குழுவுக்கு மட்டும் பலவகை நார்ச்சத்து நிறைந்த உணவு. 12 வாரத்தில் அந்தக் குழுவில் நல்ல அமிலங்களைத் தரும் பாக்டீரியாக்கள் பெருகின. ஹெச்பிஏ1சியும் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தது. இது 2018-ல் வெளியானது.

இதற்கு விலை உயர்ந்த டப்பா எதுவும் வேண்டாம். கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு, அவரை, கொத்தவரை, முருங்கைக்கீரை, தோலோடு சாப்பிடும் கொய்யா போதும். தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள். வலிமா விருந்தில் பிரியாணியோடு கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் வருமே, அவற்றைத் தொட்டுக்கொள்ள மட்டும் என்று ஒதுக்காமல் முதலில் சாப்பிடுங்கள். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் கரைத்துக் குடித்தால் அதுவும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு பற்றி நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த அளவு நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைத் தட்டில் காட்டுவதுதான் பாக்கி.

இரண்டு எச்சரிக்கை. நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வாயு தாங்க முடியாது. வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சிறுநீரகம் பாதித்தவர்களும், சாப்பிட்டது வயிற்றிலேயே தங்கி வாந்தி வருகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் பயறு, கீரையைக் கூட்ட வேண்டாம்.

சளி, காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் நாமே ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடும் பழக்கத்தையும் விடுங்கள். அது கெட்ட கிருமி, நல்ல கிருமி என்று பிரித்துப் பார்க்காது.

கருஞ்சீரகத்தையும் தேனையும் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பு நபிமொழியில் வந்திருக்கிறது. தேனைக் குர்ஆன் சிறப்பித்திருக்கிறது. எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் கருஞ்சீரகம் சாப்பிடுகிறவர் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எந்த நபிமொழியும் சொல்லவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தேனிலும் சர்க்கரை இருக்கிறது. அளவு பார்க்க வேண்டும். நல்ல பாக்டீரியா என்று டப்பாவில் விற்கும் பொடிகளும் மாத்திரைக்கு மாற்று அல்ல. இனிப்புச் சேர்க்காத வீட்டுத் தயிர் போதும்.

ரமளான் நெருங்குகிறது

ரமளானுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. 2001-ல் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். இரண்டாம் வகை நோயாளிகளில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் ரமளானில் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்தார்கள். மாஷா அல்லாஹ். ஆனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மருத்துவமனைக்குப் போனதும் அந்த மாதத்தில் பல மடங்கு கூடியது. எனவே நோன்புக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையின் நேரத்தையும் அளவையும் அவர் மாற்றித் தருவார். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். 70-க்குக் கீழே இறங்கினாலோ, 300-க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பைத் திறந்துவிடுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அது. சலுகையை ஏற்பது குறைவான ஈமான் அல்ல.

நோன்பு திறக்கும்போது நம் கஞ்சியே நல்ல உணவு. பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு எல்லாம் அதில் இருக்கிறது. இந்த ஆண்டு பள்ளிக் கஞ்சியில் அரிசியைக் குறைத்துப் பருப்பையும் காய்கறியையும் கூட்டும்படி கஞ்சிக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறோம், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கஞ்சிக்குப் பக்கத்தில் வரிசையாக வரும் சம்சா, வடை, ரோஸ் சர்பத் ஆகியவற்றைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக அறக்கட்டளையின் முடிவு. இனி மருத்துவ உதவி விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் சேரும். "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? இல்லையென்றால் என்ன காரணம்?" இல்லை என்று எழுதுபவருக்கு உதவி மறுக்கப்படாது. எந்தக் காரணம் எழுதினாலும் யாரும் கடிந்துகொள்ள மாட்டோம். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் அழைத்துப் போவோம். விரல் போன பிறகு பணம் கொடுப்பதைவிட, விரல் இருக்கும்போதே கேட்பது நல்லது. இதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

நம் உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் உயிர்களும் அந்த அமானிதத்தில் சேர்ந்தவைதாம். அதைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. நோயாளிகளுக்கு முழு ஆரோக்கியத்தை அருள்வானாக. வரும் ரமளானை நல்ல உடல் நலத்தோடு அடையச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.